மேலவையா, குழுக்களா, இல்லை இப்படியே விட்டுவிடுவதா?

சட்டமன்றத்தின் இரண்டாவது அவையாக இருந்த தமிழ்நாடு சட்டமேலவை 1986 நவம்பர் 1 அன்று இல்லாமல் போனது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சட்டப்பேரவை அதன்பின் மூன்று முறை தீர்மானம் போட்டிருக்கிறது: 1989, 1996, 2010. வேண்டாம் என்று மூன்று முறை தீர்மானம் போட்டதும் அதே பேரவைதான்: 1991, 2001, 2011. 2010இல் மட்டும் விஷயம் டெல்லியில் முடிவு வரை போனது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரும் ஒப்புதல் தந்து, 78 உறுப்பினர்கள் கொண்ட மேலவைக்குச் சட்டமே வந்துவிட்டது. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதற்குள் ஆட்சி மாறியது, அத்தோடு சரி. 2021 தேர்தல் அறிக்கையில் திமுக மறுபடியும் அதே வாக்குறுதியைக் கொடுத்தது.

திமுக கேட்கும், அதிமுக மறுக்கும் என்று இத்தனை வருடமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அதனால் மேலவை எதற்கு என்ற கேள்வியே பேச்சிலிருந்து நழுவிவிட்டது. மேலவைக்காகச் சொல்லப்படும் காரணங்களில் கனமானது ஒன்றுதான்: பேரவை அவசரத்தில் நிறைவேற்றுவதை இன்னொருவர் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அந்தத் தேவை உண்மையானது. ஆனால் அதற்கு வழி மேலவை மட்டும் இல்லை. பக்கத்து மாநிலமான கேரளத்தில் மேலவையே கிடையாது. பேரவைக்குள் இருக்கும் துறைவாரிக் குழுக்கள்தான் மசோதாக்களைப் படிக்கின்றன. ஆகவே நம் முன் இருப்பவை மூன்று: இப்போதிருப்பது போல ஒற்றை அவையாகவே தொடர்வது, மேலவையை மீட்பது, மேலவை இல்லாமல் குழுக்களை அமைப்பது. நான் மூன்றாவதன் பக்கம். இரண்டாவதை ஏன் விடுகிறேன் என்பதைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இப்போதிருக்கும் நிலை.

234 பேர் கொண்ட பேரவை, ஐந்தாண்டு ஆயுள். அமைச்சரவை அந்தப் பேரவைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பெரும்பான்மை உள்ள கட்சி நினைத்தால் ஒரே நாளில் சட்டம் செய்யலாம். செய்தும் இருக்கிறார்கள். 2017 ஜனவரி 23 அன்று, மெரினாவில் கூட்டம் கலையாமல் இருந்தபோது, ஜல்லிக்கட்டுக்கான சட்டத் திருத்தம் ஒரே நாளில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. அந்த வேகத்தைக் குறை சொல்பவர்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. ஒற்றை அவையின் நன்மை இதுதான்: யார் செய்தார்கள், யார் செய்யவில்லை என்பது தெளிவாகத் தெரியும். மேலவை தடுத்துவிட்டது என்று சாக்குச் சொல்ல முடியாது.

அதே வேகம் மறுபக்கமும் வெட்டும். 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா அது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. குரல் வாக்கெடுப்பில் நிறைவேற அது தடையாக இல்லை. மூன்றே நாளில், ஏப்ரல் 24 அன்று, தொழிற்சங்கங்களோடு பேசியபின் அரசு அதை நிறுத்தி வைத்தது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இதில் கவனிக்க வேண்டியது வரிசை. தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசும் வேலை சட்டம் நிறைவேறிய பிறகு நடந்தது. முன்னால் நடந்திருந்தால் மசோதாவே வேறு மாதிரி வந்திருக்கும், அல்லது வந்தே இருக்காது.

இது அரிதான விபத்தும் இல்லை. பேரவை நாட்களில் பெரும்பகுதி நிதிநிலை அறிக்கைக்கும் மானியக் கோரிக்கைகளுக்கும் போய்விடுகிறது. மசோதாக்கள் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் கட்டுக்கட்டாக வரும். காலையில் கையில் கிடைத்த மசோதாவை மாலைக்குள் ஒரு எம்.எல்.ஏ. எப்படிப் படித்து, தொகுதியில் யாரையாவது கேட்டு, திருத்தம் எழுதிக் கொடுப்பார்? எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கதைதான். மசோதாவை ஆராய உறுப்பினர்கள் சிலரைக் கொண்டு அமைக்கும் தெரிவுக்குழுவுக்கு அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. அனுப்பக் கேட்பது எதிர்க்கட்சியின் சடங்கு, மறுப்பது ஆளுங்கட்சியின் சடங்கு. ஆக, இப்படியே விட்டுவிடலாம் என்ற வழிக்கு வேகமும் தெளிவும் உண்டு. படித்துப் பார்க்க யாரும் இல்லை.

சரி, மேலவை வந்தால் படித்துப் பார்ப்பார்களா?

மேலவை என்றதும் பலருக்கு நினைவு வருவது பெரிய மனிதர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நீண்ட காலம் இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் அங்கே உறுப்பினர். கடைசித் தலைவராக இருந்தவர் ம.பொ.சிவஞானம். இப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்து பேசும் இடம் ஒன்று இருந்தது என்பதில் எனக்கும் ஏக்கம் உண்டு. (முத்துலட்சுமி ரெட்டியையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அவர் இருந்த 1920களின் சென்னை சட்டசபை ஒற்றை அவை. இரண்டு அவைகள் வந்தது 1937இல்தான். அவர் சாதித்தது மேலவையின் கணக்கில் வராது.)

ஆனால் அந்த அவை அரசியலில் எதற்குப் பயன்பட்டது என்று பார்த்தால் படம் கொஞ்சம் மாறும். 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை இல்லை. தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார், அவர் முதலமைச்சரானார். அது நீதிமன்றம் வரை போனது. 1967இல் அண்ணா தென்சென்னையிலிருந்து மக்களவைக்குத் தேர்வாகியிருந்தார். முதலமைச்சரானதும் மேலவை வழியாகத்தான் சட்டமன்றத்துக்குள் வந்தார். அவருக்கு மக்களின் தீர்ப்பு இருந்தது, அதனால் யாரும் குறை சொல்லவில்லை. ஒரே கதவு, ஒருவருக்குப் பின்வாசலாகவும் இன்னொருவருக்கு வசதியாகவும் இருந்தது. இன்றும் அந்தப் பழக்கம் பல மாநிலங்களில் உண்டு. நிதீஷ் குமார் மேலவை உறுப்பினராக இருந்தபடியேதான் பீகாரில் ஆண்டு வந்தார். யோகி ஆதித்யநாத் 2017 முதல் 2022 வரை அப்படித்தான். உத்தவ் தாக்கரே 2019 நவம்பரில் முதலமைச்சரானவர், ஆறு மாதக் கெடு முடியும் நேரத்தில், 2020 மே மாதம், மேலவைக்குப் போட்டியின்றித் தேர்வானார்.

மேலவை 1986இல் மூடப்பட்டதற்கும் இந்த அரசியல்தான் பின்னணி. உடனடிக் காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு திரைக்கலைஞரின் நியமனத்தில் எழுந்த சர்ச்சை. ஆனால் அந்த வருடத் தொடக்கத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலான நகராட்சிகளைத் திமுக பிடித்திருந்தது. மேலவையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பது. கணக்கு எங்கே போகிறது என்று எம்.ஜி.ஆருக்குத் தெரியாமல் இருக்காது. 1984 முதல் மேலவை உறுப்பினராக இருந்த கருணாநிதிக்கு அந்த அவையும் இல்லாமல் போனது. அடுத்து வந்த கோரிக்கைகளிலும் ரத்துகளிலும் பாதி இந்தப் பழைய கணக்குத் தீர்ப்புதான் என்பது என் எண்ணம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். அரசமைப்பின் 171ஆவது பிரிவு மேலவையின் அளவையும் ஆட்களையும் சொல்கிறது. பேரவையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, 40க்குக் குறையவும் கூடாது. 234இல் மூன்றில் ஒன்று 78. அதில் மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்களும், மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்களும், பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டதாரிகளும், பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்களும் தேர்ந்தெடுப்பார்கள். மிச்சம் ஆறில் ஒரு பங்கை ஆளுநர் நியமிப்பார். ஆறு வருடப் பதவி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். அவை கலையாது.

ஒவ்வொரு வழியாகப் பாருங்கள். எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கும் இருபத்தாறு பேர் பேரவையின் நகல்தான். பேரவையில் யாருக்கு எத்தனையோ, அதே விகிதத்தில் இங்கேயும் வருவார்கள். தேர்தலில் தோற்றவர்களுக்கும் சீட்டுக் கிடைக்காதவர்களுக்கும் ஆறுதல் தரும் இடமாக அது மாறும் என்பதை எந்தக் கட்சிக்காரரும் மறுக்கமாட்டார்.

உள்ளாட்சி உறுப்பினர்கள் அனுப்பும் இருபத்தாறு பேர், இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஊராட்சியின் குரல் கோட்டைக்குள் கேட்க வேண்டும் என்பதில் யாருக்குத்தான் மறுப்பு? தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டமும் இருக்கிறது. வாக்களிக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள். ஆனால் நம் உள்ளாட்சித் தேர்தல்களின் வரலாறு சந்தேகத்தைக் கிளப்புகிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, அதுவும் எல்லா மாவட்டங்களிலும் இல்லை. விடுபட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி. 2019இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அந்த வருடங்களில் மேலவை ஒன்று இருந்திருந்தால், இடங்கள் காலியாகும்போது அவற்றை நிரப்ப வேண்டிய வாக்காளர்களே ஊரில் இருந்திருக்கமாட்டார்கள். ஊராட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்தாத மாநிலத்துக்கு, ஊராட்சிகள் தேர்ந்தெடுக்கும் மேலவை எப்படிச் சரிப்படும்?

பட்டதாரித் தொகுதி இன்னும் பழையது. படித்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்த காலத்தில் அவர்களுக்குத் தனியாக ஒரு குரல் கொடுத்தார்கள். உயர்கல்விச் சேர்க்கையில் நாட்டின் முன்வரிசையில் இருக்கும் தமிழ்நாட்டில், பட்டம் இருப்பவருக்கு இரண்டாவதாக ஒரு ஓட்டு எதற்கு? ஒரு செவிலியரும் ஒரு மீனவரும் பேசட்டும் என்றால்கூடக் காது கொடுக்கலாம். ஆசிரியர் தொகுதியும் அப்படியே. ஆசிரியர் சங்கங்கள் கோபித்துக்கொள்ளும், தெரியும். அவர்களுக்கு இருக்கும் உரிமை மருத்துவப் பணியாளருக்கும் நெசவாளிக்கும் ஏன் இல்லை என்பதற்கு நல்ல பதில் எங்கும் பார்த்ததில்லை.

நியமன உறுப்பினர்களிடம் வந்தால், நம் காலத்தின் தலைவலி. இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை என்று 171ஆவது பிரிவு அழகாகத்தான் பட்டியல் போடுகிறது. அமைச்சரவை பெயர்களை அனுப்பும், ஆளுநர் நியமிப்பார். மகாராஷ்டிராவில் 2020 நவம்பரில் அனுப்பிய 12 பெயர்கள், அனுப்பிய அரசு 2022இல் கவிழும் வரை ஆளுநர் மாளிகையிலேயே கிடந்தன. தெலங்கானாவில் 2023 செப்டம்பரில் இரண்டு பெயர்களை ஆளுநர் திருப்பி அனுப்பினார். தமிழ்நாட்டு அரசுக்கும் ஆளுநருக்கும் சண்டையிட விஷயம் குறைவாக இருக்கிறது என்று யாராவது நினைத்தால், மேலவை அந்தக் குறையைத் தீர்க்கும்.

இட ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கிறது, இந்த விவாதத்தில் அதிகம் காதில் விழுவதில்லை. பேரவையில் 44 இடங்கள் பட்டியல் சாதியினருக்கும் 2 இடங்கள் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. 2023இல் வந்த 106ஆவது திருத்தம் பேரவைகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. மேலவைக்கு இந்த இரண்டும் கிடையாது. 2021இல் 234 பேரில் 12 பெண்களை மட்டும் தேர்ந்தெடுத்த மாநிலம் நாம். எந்த ஒதுக்கீடும் இல்லாத 78 இடங்களைக் கட்சித் தலைமைகள் எப்படி நிரப்பும் என்பதை ஊகிக்கச் சிரமப்பட வேண்டாம். சமூகநீதியின் பெயரால் அரசியல் செய்யும் கட்சிகள் இதைப் பேசாமல் மேலவையைக் கேட்பது எனக்கு வியப்பு.

அடுத்து, அதிகாரம். நிதி மசோதாவை மேலவை 14 நாள் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். சாதாரண மசோதாவை முதல் சுற்றில் மூன்று மாதம், பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம். ஆக நான்கு மாதத் தாமதம். அதற்குமேல் பேரவை சொன்னதுதான் சட்டம். மாநிலங்களவைக்கு இருப்பது போலக் கூட்டு அமர்வும் கிடையாது. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மாநிலங்களவைத் தேர்தலிலும் மேலவை உறுப்பினருக்கு ஓட்டு இல்லை. அரசமைப்பை எழுதியவர்களுக்கே இதில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. இதை ஒரு சோதனை முயற்சி என்றுதான் அம்பேத்கர் சொன்னார். அதனால்தான் வேண்டாதபோது எளிதாக எடுத்துவிட 169ஆவது பிரிவு இருக்கிறது.

நான்கு மாதம் என்பது நல்ல அளவுதானே என்று கேட்கலாம். யோசிக்கப் போதுமான நேரம், ஆட்சியை முடக்கும் அளவுக்கு இல்லை. காகிதத்தில் சரி. நடைமுறைக்கு ஆந்திரத்தைப் பாருங்கள். 1985இல் என்.டி.ராமாராவ் காலத்தில் மேலவை போனது. 2007இல் ராஜசேகர ரெட்டி காலத்தில் திரும்ப வந்தது. 2019இல் ஜெகன்மோகன் ரெட்டியின் கட்சி 175க்கு 151 இடங்களில் வென்றது, மேலவையிலோ தெலுங்கு தேசத்துக்குப் பெரும்பான்மை. மாநிலத்துக்கு மூன்று தலைநகர் அமைக்கும் மசோதாக்கள் 2020 ஜனவரியில் மேலவைக்கு வந்தபோது, தெரிவுக்குழுவுக்கு அனுப்புவதாக அவைத்தலைவர் அறிவித்தார். ஒரு வாரத்துக்குள் மேலவையையே ஒழிக்கப் பேரவையில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. மசோதாக்கள் ஜூனில் மறுபடி பேரவையில் நிறைவேறி ஜூலை 31 அன்று சட்டமாயின. அந்த ஆறு மாதத்தில் யாராவது உட்கார்ந்து மசோதாவைத் திருத்தினார்களா என்றால் இல்லை. 2021 நவம்பரில் சட்டங்களையும் திரும்பப் பெற்றார்கள், மேலவை ஒழிப்புத் தீர்மானத்தையும் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மேலவையிலும் அவர்களுக்குப் பெரும்பான்மை வந்திருந்தது.

தமிழ்நாட்டில் இது இன்னும் மோசமாக நடக்கும். 1989 முதல் 2011 வரை ஒவ்வொரு தேர்தலிலும் ஆட்சி மாறிய ஊர் இது. ஆறு வருடப் பதவியும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மாற்றமும் இருக்கும் மேலவையில், புதிய ஆட்சியின் முதல் சில வருடங்கள் பழைய ஆட்சியின் ஆட்கள்தான் நிறைந்திருப்பார்கள். அப்போது முட்டுக்கட்டை. பெரும்பான்மை கைக்கு வந்தபின் தலையாட்டல். நடுவில் நிதானமாகப் படித்துப் பார்க்கும் காலம் எப்போது வரும்? 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் மேலவைக்கும் பொருந்தும். கொறடா சொன்னபடி கை தூக்குவதுதான் அங்கேயும் நடக்கும். லட்சுமணசாமி முதலியார் காலத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

தாமதம் வேண்டும் என்றால் நமக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, கிண்டி ஆளுநர் மாளிகையில். 2023 நவம்பரில் ஆளுநர் திருப்பி அனுப்பிய 10 மசோதாக்களைப் பேரவை நவம்பர் 18 அன்று சிறப்பாகக் கூடி ஒரே நாளில் மறுபடி நிறைவேற்றியது. அப்புறம் உச்சநீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில் ஒரு தீர்ப்பு, நவம்பரில் அரசமைப்பு அமர்வின் வேறொரு கருத்து என்று அந்தக் கதை நீண்டது. அரசமைப்பின் 200ஆவது பிரிவின்படி, இரண்டு அவைகள் உள்ள மாநிலத்தில் திருப்பி அனுப்பிய மசோதாவை இரண்டு அவைகளும் மறுபடி நிறைவேற்ற வேண்டும். எதிர்க்கட்சி கையில் மேலவை இருந்திருந்தால் அந்த நவம்பர் 18 அவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. மாநில உரிமை பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

செலவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எம்.எல்.ஏ. சம்பளம் 2017இல் மாதம் 1,05,000 ரூபாய் ஆனது. அதே அளவில் 78 பேருக்கு வருடத்துக்குப் பத்துக் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. தொகுதி மேம்பாட்டு நிதி, ஓய்வூதியம், அலுவலகம் எல்லாம் சேர்த்தாலும் மாநில நிதிநிலை அறிக்கையில் அது சிறு புள்ளி. மக்கள் வரிப்பணம் வீண் என்பது மேலவையை எதிர்க்க நல்ல காரணமாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு மோசமான சட்டத்தைத் தடுத்தால் அந்தப் பணம் திரும்பிவிடும். தடுக்குமா என்பதுதான் பிரச்சினை.

இரண்டாவது அவை இருந்தாலே இரண்டாவது யோசனை வந்துவிடாது என்பதற்கு டெல்லியே சாட்சி. மூன்று வேளாண் சட்டங்களில் இரண்டு 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. தெரிவுக்குழுவுக்கு அனுப்பும் கோரிக்கையை ஏற்கவில்லை. மிச்ச வேலையை டெல்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகள் ஒரு வருடம் செய்தார்கள். 2021 நவம்பரில் மூன்றும் ரத்தாயின. அங்கே இல்லாமல் போனது அவை இல்லை, குழு. பாதிக்கப்படப் போகிறவர்களை அழைத்து, மசோதாவை வரிவரியாகப் படித்து, அறிக்கை எழுதும் ஒரு சிறிய அறை.

கேரளம் 1980 முதல் அந்த அறையை வைத்திருக்கிறது. துறைவாரியாக 14 குழுக்கள். பேரவையில் அறிமுகமாகும் மசோதா பொதுவாக அந்தந்தத் துறைக் குழுவுக்குப் போய், அங்கே படித்துத் திருத்தி, திரும்பி வந்த பிறகுதான் அடுத்த கட்டம். மானியக் கோரிக்கைகளும் அங்கே போகும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் இதைவிடக் கறார். 1937 முதல் அங்கே ஒற்றை அவைதான், 49 உறுப்பினர்கள். ஆனால் ஒவ்வொரு மசோதாவுக்கும் பொதுமக்கள் வந்து பேசும் விசாரணை கட்டாயம். இரண்டாவது அவையின் இடத்தில் அவர்கள் மக்களை உட்கார வைத்தார்கள்.

தமிழ்நாட்டுப் பேரவையிலும் குழுக்கள் இல்லாமல் இல்லை. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு என்று பல உண்டு; மாவட்டங்களுக்குப் போய் ஆய்வும் செய்கிறார்கள். ஆனால் அவை செலவான பணத்தையும் கொடுத்த வாக்கையும் பின்னால் போய்ப் பார்ப்பவை. வரப்போகும் சட்டத்தைப் பார்க்க நிரந்தரமான குழு இல்லை. ஆள் போதுமா என்றால் போதும். 234இல் அதிகபட்சம் 35 அமைச்சர்கள், பேரவைத் தலைவர், துணைத் தலைவர், கட்சித் தலைவர்கள் போனாலும் கிட்டத்தட்ட 190 பேர் மிச்சம். ஆளுக்கு ஒரு குழு என்றால்கூட, பதினைந்து பேர் கொண்ட 12 குழுக்கள் தாராளமாக வரும். பின்வரிசை எம்.எல்.ஏ.க்கள் கேள்வி நேரத்துக்கும் தலைவர்களைப் புகழ்வதற்கும் மட்டும் பிறந்தவர்கள் இல்லை. மீன்வளம் தெரிந்தவர், பாசனம் தெரிந்தவர், நூற்பாலைத் தொழில் தெரிந்தவர் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்ததைச் சொல்ல நேரமும் இடமும் இல்லை.

குழுவிலும் ஓட்டைகள் உண்டு. கேரளத்தில் அந்தந்தத் துறை அமைச்சரே குழுவுக்குத் தலைவர். தன் மசோதாவைத் தானே ஆராய்வது எப்படி இருக்கும் என்று யாரும் யோசிக்கலாம். நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் இருக்கின்றன, அமைச்சர்கள் அவற்றில் உறுப்பினராக முடியாது. அது நல்ல விதி. ஆனால் அங்கே மசோதாவை அனுப்புவதா வேண்டாமா என்பது கட்டாயமில்லை. விளைவு, 15ஆவது மக்களவையில் பத்து மசோதாக்களில் ஏழு குழுவுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் இரண்டுகூடப் போகவில்லை. பெரும்பான்மை பெருகினால் குழு சுருங்கும். 2021இல் வென்ற கூட்டணிக்கு 159 இடங்கள் கொடுத்த நம் ஊரில், அரசு விரும்பினால் அனுப்பலாம் என்று எழுதினால் ஒன்றுமே போகாது.

இந்த ஓட்டைகளை விதி எழுதும்போதே அடைக்கலாம், மேலவையின் ஓட்டைகளை அப்படி அடைக்க முடியாது. என்னைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லும் வேறுபாடு இதுதான். மேலவை வேண்டுமானால் பேரவையின் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். அப்புறம் நாடாளுமன்றம் மனம் வைக்க வேண்டும். மேற்கு வங்கம் 2021 ஜூலையில் போட்ட தீர்மானமும், ஒடிசா 2018இல் போட்ட தீர்மானமும் மேலவையைக் கொண்டுவந்துவிடவில்லை. யார் உறுப்பினர், எப்படித் தேர்வு என்பதை மாற்றும் அதிகாரமும் 171ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்திடம்தான். பட்டதாரித் தொகுதியை எடுத்துவிட்டு நெசவாளிக்கும் மீனவருக்கும் இடம் கொடுக்க நாம் இங்கிருந்து எதுவும் செய்ய முடியாது. குழுக்களுக்கோ பேரவை தன் நடத்தை விதிகளைத் திருத்தினால் போதும். 208ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. டெல்லியும் வேண்டாம், கிண்டியும் வேண்டாம்.

மேலவையைத் தேர்ந்தெடுப்பவர் எல்லாரும் தவறு என்று சொல்லமாட்டேன். உள்ளாட்சிக்கு மாநில அரசியலில் நேரடிப் பங்கு வேண்டும் என்பதே ஒருவரின் முதல் நோக்கமாக இருந்தால், குழுக்கள் அதைத் தராது. உள்ளாட்சித் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடக்கும் நிலை வந்து, நாடாளுமன்றமும் மேலவையின் அமைப்பைத் திருத்தி, ஒதுக்கீட்டையும் சேர்த்தால், நானே மறுபடி யோசிப்பேன். அந்த மூன்றில் இன்று ஒன்றுகூட இல்லை.

குழுக்களுக்கு விதி எழுதுவதென்றால் எனக்கு வேண்டியவை கொஞ்சம்தான். நிதி மசோதா தவிர மற்ற எல்லா மசோதாவும் அறிமுகமானவுடன் தானாகவே குழுவுக்குப் போக வேண்டும். அமைச்சர் குழுவில் இருக்கக்கூடாது. மூன்றில் ஒரு குழுவுக்காவது எதிர்க்கட்சி உறுப்பினர் தலைவராக வேண்டும். மசோதாவைத் தமிழில் வெளியிட்டு மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள்; மத்திய அரசு 2014இல் தன் துறைகளுக்குச் சொன்ன அளவும் அதுதான், கடைப்பிடிப்பது வேறு கதை. உண்மையான அவசரம் வந்தால், ஜல்லிக்கட்டு போல, மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அந்த 30 நாளைத் தள்ளிவைக்கலாம். 2023 ஏப்ரலில் இந்த விதி இருந்திருந்தால், தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்த நிலையில், 12 மணி நேர வேலை மசோதாவை அரசு 30 நாள் காத்திருக்காமல் நிறைவேற்றுவது எளிதாக இருந்திருக்காது. தொழிற்சங்கங்கள் தலைமைச் செயலகத்துக்குப் போவதற்குப் பதிலாகக் குழு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும்.